இயல்பா மூச்சு விடுங்க

என் வீட்டுக்காரர் என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் கேட்டிருக்கிறார். அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். அந்த ஒன்றிலேயே என் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தார்.

முதலில் என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கட்டடத்தில், மேல்மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில் உட்கார்ந்து ரத்தத்தின் அமிலத்தன்மையை அளக்கும் கருவி செய்கிறேன். அளப்பது ஒன்றும் புதிதல்ல. ஆபரேஷன் நடக்கும்போது சிரிஞ்சில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஓர் ஆளிடம் கொடுப்பார்கள். அவர் லிஃப்டுக்குக் காத்திருந்து, கீழ்த்தளம் போய், இயந்திரத்தில் விட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, மறுபடியும் லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே வருவார். அதற்குள் நோயாளியின் ரத்தம் வேறு கதைக்குப் போயிருக்கும். "என் கைக்கு வர்றது நேத்து பேப்பர்ம்மா" என்பார் எங்கள் மயக்க டாக்டர் அம்மா. நோயாளிக்கு மயக்கம் கொடுத்துவிட்டுத் தலைமாட்டில் நின்று உயிரைக் காவல் காப்பது அவர் வேலை. நேற்றைய பேப்பரை வைத்துக்கொண்டு எப்படிக் காவல் காப்பது?

என் கருவிக்கு லிஃப்ட் தேவையில்லை. மணிக்கட்டுத் தமனியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ரத்தம் வந்து, என் எலக்ட்ரோடின் கண்ணாடி நுனியை உரசிக்கொண்டு போய், முழங்கைப் பக்கத்துச் சிரை வழியாக உடம்புக்கே திரும்பிவிடும். அளவு நிற்காமல் திரையில் கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். புளிப்பு ஏறினால் கோடு இறங்கும். புளிப்பு குறைந்தால் கோடு ஏறும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள என் மாமியாருக்கு ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது. எங்கள் துறைத் தலைவருக்கு வருஷக்கணக்காகியும் போதவில்லை.

துறைத் தலைவருக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் 'அதெப்படி'. எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். மழை பெய்கிறது சார் என்றால்கூட, அதெப்படி என்று கேட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்க்கிற மனுஷர். கெட்டவரில்லை. நம்பச் சொன்னால் நம்ப மாட்டார், காட்டினால் ஒத்துக்கொள்வார். காட்டுவதற்குள் நமக்கு நரைத்துவிடும்.

அவரிடம் நான் காட்ட வேண்டியது ஒரு சின்ன அலையை. ரத்தம் சும்மா ஓடுவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு கொஞ்சம் வெளியே போகிறது. உடனே ரத்தத்தின் புளிப்பு ஓர் இம்மி குறைகிறது. அடுத்த மூச்சு வருவதற்குள் ஓர் இம்மி கூடிவிடுகிறது. நாள் முழுக்க, தூக்கத்தில்கூட, இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மெதுவான எலக்ட்ரோடுக்கு இது தெரியாது. அது ஒரு சராசரியைச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். என்னுடையது வேகமானது, கண்ணாடி நுனி வெங்காயத்தோலைவிட மெல்லியது. மூச்சுக்கு மூச்சு அந்த அலை திரையில் தெரிந்தால் நான் சொன்னது உண்மை, கருவி ஆபரேஷன் அறைக்குப் போகும். தெரியாவிட்டால் இத்தனை வருஷமும் நான் கண்ணாடி ஊதி விளையாடிக்கொண்டிருந்ததாக அர்த்தம், அறை சலவைப் பிரிவுக்குப் போகும். படுக்கை விரிப்புகள் அடுக்க அவர்களுக்கு இடம் போதவில்லையாம். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஒருமுறை டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "நீங்க வேலையப் பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியைச் சுற்றி அளந்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் அதே ஆஸ்பத்திரியில் கருவிகள் பிரிவு. எலக்ட்ரோடு என்னுடையது, அதிலிருந்து வரும் நோஞ்சான் மின்சாரத்தைப் பெருக்கித் திரைக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் அவர் கட்டியது. வீட்டுக் குழாய் ஒழுகினால் அந்தச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்குகிறவர், என் லேபில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் சாப்பிட மாட்டார். மற்றபடி நல்ல நீச்சல்காரர். காலையில் குளத்துக்குப் போய்த் தண்ணீருக்கடியிலேயே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விட்டு வந்து, அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தத் தகவல் பின்னால் வேண்டியிருக்கும்.

மெல்லிய கண்ணாடி வழியாக வரும் மின்சாரம் அத்தனை பலவீனமானது. பாலியெஸ்டர் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் கையை அசைத்தால் போதும், திரையில் கோடு துள்ளி மேலே போய்விடும். அதனால் எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. பதிவு பண்ணும் ஸ்விட்சைப் போட்டால் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். யாரும் மறந்துவிடக் கூடாதென்று இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்துவைத்தவர் இவர்தான். பல்பு எரிந்தால் சிலை நேரம். யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. ஒருமுறை தபால் கொண்டுவந்த ஆள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்று, பதிவு முடிந்ததும் அப்படியே திரும்பிப் போனவர்தான், பிறகு தபால் எல்லாம் கீழேயே கிடந்தது.

ஆரம்ப காலத்தில் இன்னொரு விதியும் போட்டிருந்தேன். ஒயர் வந்து சேரும் முனையில் மூச்சின் ஈரம் பட்டால் அளவு தப்ப ஆரம்பித்துவிடும். எனவே, பல்பு எரியும்போது அந்த முனைக்குப் பக்கத்தில் இருப்பவர் மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். பேச்சுக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும். பிறகு இவரே அந்த முனைக்கு ஒரு மூடி போட்ட பெட்டி செய்துகொடுத்தார், விதிக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. நான் அதை அன்றோடு மறந்துபோனேன்.

கண்ணாடிக் குடுவையில் ரத்தத்தை வைத்து அளந்தபோது எலக்ட்ரோடு தங்கமாக நடந்துகொண்டது. மனுஷ உடம்பில் வைக்க அனுமதியும் வந்தது, ஊழியர்களில் விருப்பப்பட்டவர் மட்டும் என்று நிபந்தனையோடு. தமனியில் குழாய் சொருகிக்கொள்ள யார் விருப்பப்படுவார்கள்? அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எல்லோரும் நின்று படித்தார்கள், எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், போய்விட்டார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. குடுவையில் பச்சைப்பிள்ளையாக இருந்த எலக்ட்ரோடு, இவர் கையில் மாட்டியதும் பேயாட்டம் ஆடியது. பல்பு எரிந்ததும் கோடு சறுக்க ஆரம்பிக்கும். அலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பதிவு முடியும்வரை நேராகச் சறுக்கிக்கொண்டே போகும். மறுபடி ஸ்விட்சைப் போட்டால் மறுபடி முதலிலிருந்து சறுக்கும். ரத்தத்தில் உள்ள புரதம் கண்ணாடியில் படிகிறது என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றினேன். உப்புக் கரைசலை மாற்றினேன். குழாயை மாற்றினேன். இவர் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மயக்க டாக்டர் அம்மா வந்து இவர் கையில் குழாய் சொருக வேண்டும். இவர் முகம் ஒவ்வொரு முறையும் தக்காளியாகச் சிவக்கும். ஊசிப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. தடுப்பூசி போட வரிசையில் நின்று, தனக்கு முன்னால் நின்றவருக்குப் போட்டபோதே மயங்கி விழுந்தவர் இவர். ஆனால் சிவப்புக்குக் காரணம் அது இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. என் கண் திரையை விட்டு நகர்ந்தால்தானே?

"உங்க ரத்தத்துலதான் ஏதோ கோளாறு" என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"எங்க பரம்பரையே இப்படித்தான்" என்றார் அவர், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு.

இந்த நிலைமையில்தான் 'அதெப்படி' நாள் குறித்தார். அவரே வந்து பார்ப்பாராம். பார்த்துவிட்டு, ஆபரேஷன் அறையா, படுக்கை விரிப்பா என்று அங்கேயே முடிவு சொல்லிவிடுவாராம்.

அன்று காலை நான் யாரிடமும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அறை வாசலில் சலவைப் பிரிவின் தள்ளுவண்டி ஒன்று விரிப்புகளோடு வந்து நின்றுகொண்டிருந்தது. "சும்மா நிழல்ல நிறுத்தியிருக்கேன் மேடம்" என்றார் மேற்பார்வையாளர். மாடி வராந்தாவில் நிழலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இவர் கட்டிலில் படுத்துக் கையைப் பலகையில் நீட்டினார். மயக்க டாக்டர் அம்மா மரத்துப்போக மருந்து போட்டுக் குழாயைச் சொருகினார். 'அதெப்படி' நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு பல்பு எரிந்தது. எல்லோரும் சிலையானோம்.

கோடு சறுக்க ஆரம்பித்தது.

வழக்கமாக இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்துவிடுவேன். கை ஸ்விட்சுக்குப் போனதும், "இருங்க" என்றார் 'அதெப்படி'. "அணைக்காதீங்க. எவ்வளவு தூரம் போவுதுன்னு பாப்போம்."

கோடு போய்க்கொண்டே இருந்தது.

"அதெப்படி? சும்மா படுத்திருக்கற மனுஷனுக்கு ரத்தம் இப்படிப் புளிச்சிக்கிட்டே போவுமா? இவர் என்ன, ஓடிக்கிட்டா இருக்காரு?"

"கண்ணாடியில ஏதோ படியுது சார்…"

"அதெப்படி? குடுவையில படியாதது இங்க மட்டும் படியுமா?"

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குளத்தில் முங்கின எருமை தலையைத் தூக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். இவர் வாயைப் பிளந்து காற்றை அள்ளி அள்ளி இழுத்தார். நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். கோடு இன்னும் சறுக்கிக்கொண்டுதான் இருந்தது. சில நொடிகள் போயின, நெஞ்சிலிருந்து மணிக்கட்டுக்கு ரத்தம் வந்து சேர ஆகும் நேரம். பிறகு கோடு பந்து போல எம்பி மேலே ஏறியது.

எனக்கு மண்டையில் பளிச்சென்றது.

"ஏங்க" என்றேன். "மூச்சப் பிடிச்சிக்கிட்டா படுத்திருந்தீங்க?"

அவர் மூச்சு வாங்கியபடியே என்னைப் பார்த்தார். "பின்ன? பல்பு எரியுதுல்ல?"

"பல்பு எரிஞ்சா?"

"நீதானே சொன்ன! பல்பு எரியறப்ப ஒயர் முனைக்குப் பக்கத்துல மூச்சே விடக் கூடாதுன்னு. முனை என் மூக்குக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

"அது அந்தக் காலம்ங்க! பெட்டி செஞ்சப்புறம் அந்த விதி எதுக்கு?"

"விதிய வாபஸ் வாங்கினதா நீ சொல்லவே இல்லையே!"

"அப்ப இத்தனை நாளும், ஒவ்வொரு தடவையும்…"

"ஒவ்வொரு தடவையும்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "நீச்சல் பழக்கம் இருக்கறதால சமாளிச்சேன். இன்னிக்கு சார் ரொம்ப இழுத்துட்டாரு. வேற ஆளா இருந்தா செத்திருப்பான்."

மூச்சை அடக்கினால் கரியமில வாயு உள்ளேயே தங்கும், ரத்தம் புளிக்கும், கோடு இறங்கும். அலை வர மூச்சு வேண்டாமா? என் எலக்ட்ரோடு ஆரம்பத்திலிருந்தே உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதைப் பொய்க்காரி என்று சொல்லிக் கண்ணாடி கண்ணாடியாக உடைத்துப் போட்டிருக்கிறேன். சிரிப்பதா, இவரை உதைப்பதா என்று தெரியவில்லை. மயக்க டாக்டர் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது.

'அதெப்படி' சிரிக்கவில்லை. "விளக்கம் நல்லாருக்கு. எனக்கு விளக்கம் வேண்டாம், அலைதான் வேணும். மூச்சு விடச் சொல்லுங்க."

"மூச்சு விடுங்க" என்றேன்.

விட்டார் பாருங்கள். கொல்லன் துருத்தி தோற்றது. நெஞ்சு கட்டிலை விட்டு எழும்ப, தோள் ஏற, கை பலகையில் தட்ட, குழாய் ஆட, கோடு கன்னாபின்னாவென்று கிறுக்கியது.

"கை ஆடுது. இது கை ஆடுற அலை" என்றார் 'அதெப்படி'.

"இயல்பா மூச்சு விடுங்க" என்றேன்.

"இயல்புன்னா?"

"எப்பவும் விடற மாதிரி."

"எப்பவும் எப்படி விடுவேன்? நான் பாத்ததில்லையே. உள்ள இழுத்தப்புறம் கொஞ்சம் நிறுத்துவேனா, உடனே விட்டுடுவேனா?"

"யோசிக்காம விடுங்க!"

"யோசிக்காதன்னா அதுதான் யோசனையா வருது."

அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்களும் இப்போது இதைப் படித்துக்கொண்டே இயல்பாக மூச்சு விட்டுப் பாருங்கள், தெரியும். ஒரு மூச்சு நீளமாக வந்தது, ஒன்று பாதியில் நின்றது, ஒன்றை விட மறந்து, ஞாபகம் வந்து இரண்டாக விட்டார். பல்பின் மேல் துண்டைப் போட்டு மூடினோம். "துண்டுக்கு அடியில எரியுதுன்னு எனக்குத் தெரியுமே" என்றார். 'அதெப்படி' கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

மயக்க டாக்டர் அம்மாதான் கட்டில் பக்கம் குனிந்து கேட்டார். "தம்பி, நீங்க எப்ப ரொம்ப நிம்மதியா இருப்பீங்க? எதையும் நினைக்காம, உடம்ப லேசா விட்டுட்டு? அதை நினைச்சுக்கங்க."

இவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "இவ திட்டும்போது டாக்டர்."

"என்ன?"

"இவ திட்ட ஆரம்பிச்சா நாம செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல. பதில் சொல்லக் கூடாது, எழுந்து போகக் கூடாது. சும்மா இருந்தாப் போதும். எனக்குக் கண்ணு சொக்கிடும்."

இத்தனை வருஷமாக நான் தொண்டை வறளத் திட்டியதெல்லாம் இந்த மனுஷனுக்கு ஓய்வு நேரமாக இருந்திருக்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. கையை மட்டும் ஆட்டக் கூடாது, சிலை நேரம். கையை ஆட்டாமல் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஊருக்கெல்லாம் மெஷின் ரிப்பேர் பண்றீங்க, வீட்ல ஒரு குழாய்க்கு வாஷர் மாத்த முடியல. கேட்டா, 'சத்தம் நல்லாருக்கு'ங்கறீங்க. நீச்சலடிச்சிட்டு வந்து ஈரத்துண்ட எங்க போடறீங்க? என் தலகாணி மேல. கொடி எதுக்கு இருக்கு? வேடிக்கை பாக்கறதுக்கா? குடை எடுத்துட்டுப் போனா குடை வர்றதில்ல, பை எடுத்துட்டுப் போனா பை வர்றதில்ல. என்னிக்காவது ஒருநாள் நீங்களும் எங்கயாவது தங்கிடப் போறீங்கன்னு பயந்துக்கிட்டு இருக்கேன். எங்கம்மா ஆசையா வந்து வாசல்ல பெட்டிய இறக்கல, அதுக்குள்ள 'எப்ப கிளம்பறீங்க அத்தை'ன்னு கேட்டீங்களே, அதை இன்னும் எங்க வீட்ல சொல்லிச் சொல்லி…"

அவர் தோள் இறங்கியது. இமை பாதி மூடியது. விரல்கள் பூப்போல விரிந்து பலகையில் கிடந்தன. பல்பாவது, ஒயராவது. வீட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பது போல முகத்தில் ஒரு தெளிவு.

திரையில் கோடு சறுக்குவதை நிறுத்தியது. நிறுத்திவிட்டு, மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சின்னஞ்சிறு அலை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில்.

எத்தனை வருஷம் நான் இதற்காகக் காத்திருந்தேன்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் திட்டுவதை நிறுத்தினால் அலை போய்விடும். அழுதுகொண்டே அவருடைய செருப்பைப் பற்றித் திட்டினேன்.

"அதெப்படி?" என்றார் 'அதெப்படி'.

நான் திட்டிக்கொண்டே அவர் பக்கம் பார்த்தேன்.

"இது மூச்சோட அலைதான்னு எப்படி ஒத்துக்கறது? நெஞ்சு ஏறி இறங்கினா கையும் நமக்குத் தெரியாம ஏறி இறங்கும், குழாய் ஆடும். மூச்சு நின்னா அலை நிக்கணும், கோடு இறங்கணும். கை மட்டும் இப்ப இருக்கற மாதிரியே தளர்வா இருக்கணும். முதல்ல பிடிச்சப்ப மரக்கட்டை மாதிரி விறைச்சுக் கிடந்தாரு, அது கணக்கில்ல. நிறுத்துன்னு சொன்னாலும் மறுபடி விறைப்பாரு. அதனால சொல்லவும் கூடாது."

"சொல்லாம எப்படி சார் ஒரு மனுஷன் மூச்ச நிறுத்துவான்?"

"அது உங்க பிரச்சினை."

நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. துறைத் தலைவரைத் திட்ட முடியாது. பக்கத்தில் திட்டு வாங்கத் தோதாக ஒருவர் படுத்திருந்தார்.

"எல்லாம் உங்களால!" என்று அவர் பக்கம் திரும்பினேன். "யாரு உங்கள கையெழுத்துப் போடச் சொன்னா? ஆஸ்பத்திரியில எத்தனை பேரு இருக்காங்க, யாராவது போட்டாங்களா? உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு? ஊசியப் படத்துல பாத்தாலே முகத்தத் திருப்பிக்கற ஆளு. அடுத்தவனுக்குக் குத்தினா மயங்கி விழற ஆளு. கையில ஊதாக் காயம் ஆறறதுக்குள்ள அடுத்த தடவை வந்து கைய நீட்டுவீங்க. ஒரு நாளாவது 'வேணாம்மா, வலிக்குது'ன்னு சொன்னீங்களா? உங்க ரத்தத்துலதான் கோளாறுன்னு சொன்னேன். அதுக்கும் வாய மூடிக்கிட்டு மறுநாள் வந்து படுத்தீங்க. நான் எத்தனையோ தடவை இதை விட்டுடலாம்னு நினைச்சிருக்கேன். நீங்க கைய நீட்டிக்கிட்டு வந்து படுக்கறதப் பாத்துதான் விடல. நீங்க இல்லன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன். இந்தக் கோடே இருந்திருக்காது. உங்களுக்குத் தெரியுமா அது? உங்கள மாதிரி ஒரு ஆளு எனக்குக் கிடைச்சிருக்கக் கூடாது, அவ்வளவு நல்ல ஆளு நீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. திட்டாகத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக.

அவர் கண் முழுசாகத் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு அசையவில்லை.

"சார்" என்றார் மயக்க டாக்டர் அம்மா மெல்ல. "திரையப் பாருங்க."

கடைசி அலை ஒன்று ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு அலை இல்லை. கோடு நேராக, நிதானமாகக் கீழே சறுக்க ஆரம்பித்தது. 'அதெப்படி' நாற்காலியில் இருந்தபடியே கண்ணை மட்டும் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். விரல்கள் முன்போலவே விரிந்து கிடந்தன. ஓர் அசைவும் இல்லை, ஒரு விறைப்பும் இல்லை. அவர் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், இவர் நெஞ்சைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கோடு சறுக்கிக்கொண்டே இருந்தது.

"தம்பி, போதும்" என்றார் டாக்டர் அம்மா.

இவர் ஒரு பெரிய மூச்சை விட்டார். சில நொடி கழித்துக் கோடு மேலே ஏறியது. அலை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

நான் 'அதெப்படி' வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது. மூடியது. "சரி" என்றார். அந்த வார்த்தை அவரிடம் இருக்கிறதென்று அன்றுதான் எனக்குத் தெரியும். "ஆபரேஷன் அறையில எந்தப் பக்கம் வைக்கறதுன்னு டாக்டர்கிட்ட பேசிக்கங்க." வாசலைத் தாண்டும்போது தள்ளுவண்டியைப் பார்த்து, "இது ஏன் இங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். சற்று நேரத்தில் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரப் போனது. என் வாழ்நாளில் கேட்ட இனிமையான சங்கீதம் அது.

டாக்டர் அம்மா குழாயை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் போய்விட்டார். நான் ஸ்விட்சை அணைத்தேன். எலக்ட்ரோடைக் கழுவினேன். ஒயரைச் சுற்றினேன். கழுவினதையே இன்னொரு தடவை கழுவினேன். அவர் பக்கம் திரும்ப எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, துறைத் தலைவர் முன்னால் புருஷனிடம் அப்படியெல்லாம் பேசிவிட்டால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது? ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. கருவிக்காக மட்டுமில்லை.

"ஏம்மா" என்றார் அவர் பின்னாலிருந்து.

"பஞ்ச அழுத்திப் பிடிங்க."

"பிடிச்சிருக்கேன். ஒண்ணு கேக்கணும். கடைசியா ஒண்ணு சொன்னியே…"

"என்ன சொன்னேன்?"

"என் மூச்ச நிறுத்தறதுக்காகத்தானே சொன்ன? சார் கேட்டாருன்னு, டக்குனு யோசிச்சு. நல்ல யோசனை. எனக்கே நிஜம்னு தோணிடுச்சு." சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் சுலபம். வீட்டுக்குப் போய்க் குழாயைப் பற்றிப் பேசலாம். நான் எலக்ட்ரோடைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"இல்ல" என்றேன். "நிஜமாத்தான் சொன்னேன்."

பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். கட்டில் விளிம்பில், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சிவக்க ஆரம்பித்திருந்தது. சிவப்பு பல்பு அணைந்துதான் இருந்தது.

"ஏங்க, மூச்சு விடுங்க!" என்று கத்தினேன்.